முப்பது வீட்டிலும் ‘இல்லை’

என் வகுப்புத் தோழி தும்மத் தொடங்கினால் ஒன்றிரண்டில் நிற்காது. அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் ஒரு காலை, வெள்ளைச் சீருடையும் தோளில் பையுமாக ஒரு வீட்டு வாசலில் நின்றபோது, விடாமல் பதினொரு தும்மல் தும்மினாள். எண்ணியது நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். இருவரும் நர்சிங் மாணவிகள். இருவருமே ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்புப் பெண்கள். வீடு வீடாகப் போய் உடல்நலக் கணக்கெடுப்பது எங்கள் பாடங்களில் ஒன்று. படிவத்தில் ஒரு கேள்வி: நாட்டு மருந்து சாப்பிடுவதுண்டா? அதுவரை பார்த்த முப்பது வீட்டிலும் ‘இல்லை’ என்றே பதில். ஊர் திருந்திவிட்டது என்று பூரித்துப்போனேன். நாட்டு மருந்து என்றாலே முகம் சுளிக்கும் வகுப்பு எங்களுடையது. நானோ, ஜலதோஷத்துக்கு அப்பா வாங்கித் தரும் ஹோமியோபதி உருண்டைகளைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். விடுதியில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அந்த வீட்டுப் பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. தோழி மூக்கைத் துடைத்துக்கொண்டு, “தூசி ஒத்துக்காதுக்கா. எங்கம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைப்பாங்க” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

“இன்னாம்மா, நர்ஸம்மா ஊட்லயும் நொச்சியா?”

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். அது நிறைய, மருத்துவமனையில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள்.

“இத்த துன்னா கருப்பா போவுதும்மா. பயந்துகினு வச்சிட்டேன். சந்தையில ஒருத்தரு குட்த்த லேகியந்தான் துன்னுகினு கீறேன்.”

திட்ட வாயெடுத்தேன். தோழி என் கையைக் கிள்ளிவிட்டு அவளிடம் சொன்னாள்: “கருப்பா போறது இந்த மாத்திரையோட குணம், பயப்படாதீங்க. லேகியத்துல என்ன போட்டிருக்காங்கன்னு நமக்குத் தெரியாதே? எடுத்துட்டு வாங்க, டாக்டரம்மாகிட்ட காட்டுவோம். முருங்கைக்கீரையை மட்டும் விட்டுடாதீங்கக்கா.”

மறுநாளே அந்தப் பெண் லேகியத்தோடு மருத்துவமனைக்கு வந்தாள். ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. அன்றோடு லேகியம் நின்றது. மாத்திரை உள்ளே போனது.

தோழி நேராக எங்கள் ஆசிரியையிடம் போய், “முப்பது படிவமும் தப்பு மேடம். நாங்க கேட்ட விதம் அப்படி” என்றாள். அவர் அத்தனையையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, “அப்போ திரும்பப் போங்க” என்றார். போனோம். இம்முறை முதலில் எங்கள் வீட்டு வைத்தியத்தைச் சொன்னோம். நான் உருண்டைகளைப் பற்றியும் சொன்னேன். ஓமம், வசம்பு, கீழாநெல்லி, தாயத்து என்று பதில்கள் படிவத்தில் அடங்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சிரிப்பு, கூடவே மோர்.

மூன்று மாதம் கழித்து, நாங்கள் பயிற்சியில் இருந்த வார்டிலேயே அவளுக்குப் பிரசவம் ஆனது. குழந்தையைத் தோழிதான் கையில் வாங்கினாள்.

“இன்னா கொயந்த?”

“பொண்ணுக்கா. என்ன சத்தம் போடுறா பாருங்க!”

ஏரிக்கரைத் தெரு இன்று அடுக்குமாடிகளாகிவிட்டது. அன்று பிறந்த குழந்தைக்கும் முப்பது வயது தாண்டியிருக்கும். அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்க்க, அவள் அம்மாவும் நாங்கள் இருவரும் கைகோத்துச் சிரித்தது மட்டும் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது.