வெறுந்தேத்தண்ணியும் மாவு மூட்டையும்

வசந்தகுமாரி தன் உடம்பைப் பற்றி என்றைக்கும் கவலைப்பட்டதில்லை. நல்ல தாட்டியான உடம்பு. அந்தமானில் பாம்பூஃப்ளாட் படகுத்துறையை ஒட்டியிருக்கும் டீக்கடைகளுக்கெல்லாம் காலையில் தேங்காய் ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சம்பலும் கொடுப்பது அவள்தான். ரொட்டி சுடுகிறவள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தால் எவன் நம்பி வாங்குவான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஐம்பது நெருங்கும்போது முழங்கால் முனக ஆரம்பித்தது. அதற்கும் தைலத்தைத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அவள் புருஷன் தேவேந்திரன் ஹேடோ துறைமுகத்தில் மெயின்லேண்ட் கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கியவன். சிமெண்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி நடப்பான். அந்த மனிதனைப் பக்கவாதம் ஒரே காலையில் சாய்த்துவிட்டது. வலது பக்கம் விழுந்துபோனது, நாக்கு தடித்தது. உயிர் பிழைத்ததே புண்ணியம் என்றார்கள். அவன் அப்படி நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றான். அது அடுப்படி ஓரத்தில் மாவு மூட்டை வைக்கும் பலகையாகிவிட்டது. கட்டிலிலிருந்து எழுப்ப, குளிக்கவைக்க, எல்லாவற்றுக்கும் அவள் கைதான் வேண்டும். வேறு யார் தொட்டாலும் முகம் இறுகிவிடும்.

ஒரு மழைநாள் காலையில் குளிக்கும் முக்காலியிலிருந்து அவன் சறுக்கி விழுந்தான். வசந்தகுமாரி அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். முழங்கால் மடங்கியது, மூச்சு வாங்கியது, அவன் அசையவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டு வேறு வழியில்லாமல் வெளியே ஓடி, மைதானத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் நல்ல பிள்ளைகள், உடனே வந்து தூக்கிவிட்டார்கள். ஈரத்துண்டோடு அந்நியர்களின் கைகளில் தொங்கியபோது தேவேந்திரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவர்கள் போன பிறகும் திறக்கவில்லை.

செய்தி தூத்துக்குடிக்குப் போய்விட்டது. அங்கே இருக்கும் அவன் தம்பி நல்லதம்பி போன் செய்தான்.

"அண்ணி, நான் ஒங்களக் குத்தம் சொல்லல. ஆனா ஒங்களால முடியாது. இங்க ஒரு நல்ல இல்லம் இருக்கு, ஆள் வச்சுப் பாத்துக்குவாங்க. பொங்கல் கழிச்சு கப்பல்ல வந்து அண்ணனக் கூட்டிட்டுப் போறேன்."

வசந்தகுமாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கட்டிலில் கிடந்தவன் தடித்த நாக்கைப் புரட்டி, "நான் போறேன் குமாரி. நீ எவ்ளோ நாள் தூக்குவ?" என்றான்.

"வாய மூடிக்கிட்டுக் கெடங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். அவனை அனுப்புவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தன்னால் தூக்க முடியவில்லை என்பதற்காக அவன் போகச் சம்மதிக்கிறான் என்பது அதைவிட மோசமாக இருந்தது.

முழங்காலைக் காட்டப் போர்ட் பிளேருக்குப் போனபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, எடையைக் குறைத்தால்தான் ஆச்சு என்றார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. எடையைக் குறைப்பது என்ன பெரிய வித்தையா? வாயைக் கட்டினால் போயிற்று. அன்றிலிருந்து காலையில் ஒன்றும் கிடையாது, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, இரவும் கிடையாது. ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டுத் தான் பட்டினி கிடந்தாள். அவளுடைய வைராக்கியத்தை என்ன சொல்வது! முதலில் கொஞ்சம் எடை இறங்கியது. பிறகு சண்டி மாடு மாதிரி நின்றுவிட்டது. மாவு பிசையும்போது கண் இருட்டியது. புருஷனைக் கட்டிலிலிருந்து முக்காலிக்கு மாற்றும்போது முன்பு முழங்கால் மட்டும் நடுங்கும், இப்போது கையும் சேர்ந்து நடுங்கியது. ஒருநாள் அவனைப் பாதி தூக்கியவள் அப்படியே கட்டிலில் போட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் சரிந்தாள். அவன் கூரையைப் பார்த்தபடி, "போறேன்னு சொன்னேன்ல" என்றான்.

முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் இருந்தவள் காவேரி. முப்பது வயதிருக்கும். வெள்ளைக்காரன் ஜெயில் காலத்திலேயே இந்தத் தீவுக்கு வந்து வேர்விட்ட குடும்பம். தமிழ் பேசினால் பாதி இந்தியில்தான் போய் முடியும். வசந்தகுமாரியின் கையை அழுத்திப் பார்த்துவிட்டு அவள் முகம் சுளித்தாள்.

"நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க? ஷுரூலேர்ந்து, காலைலேர்ந்து சொல்லுங்க அக்கா."

"காலைல ஒண்ணுமில்ல. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ரசம். ராவைக்கு ஒண்ணுமில்ல."

"பஸ், அவ்வளவுதானா? நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் திங்கல தங்கச்சி. தேத்தண்ணி குடிச்சேன், அவ்வளவுதான்."

"எத்தனை கிளாஸ் டீ?"

"அத யாரு எண்ணுறா? பசிக்கிறப்பல்லாம் குடிப்பேன்."

"சீனி போட்டா?"

"ச்சே, சீனிய அன்னைக்கே விட்டாச்சு. பாலும் கெடையாது. வெறுந்தேத்தண்ணி. கடிச்சுக்கிறதுக்குக் கொஞ்சம் வெல்லம்."

"கொஞ்சம்னா?"

வசந்தகுமாரி கள்ளமில்லாமல் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள்.

"ஒவ்வொரு கிளாஸுக்குமா? அரே பாப் ரே!" என்று காவேரி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

வசந்தகுமாரி பொய் சொல்கிறவள் இல்லை. அவள் கணக்கில் தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது. அவளைப் பெற்றவர்கள் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். இவள் பிறந்தது அங்கேதான். சுனாமிக்குப் பிறகு புருஷனோடு பாம்பூஃப்ளாட்டுக்கு வந்தாள். அந்தக் குடும்பங்களில் அரிசி இல்லாத நாளில் ஆளுக்கொரு குவளை சாயத்தண்ணியும், உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லமும் கொடுப்பார்கள். கடித்துக் கடித்துக் குடித்தால் பசி அடங்கும். யாராவது கேட்டால், "இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடல, தேத்தண்ணிதான் குடிச்சோம்" என்பார்கள். பசியை ஏமாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. மெலிய வேண்டும் என்று வந்தபோதும் கை தானாக அந்த வழிக்கே போயிருக்கிறது. வறுமைக்குக் கற்ற பாடத்தை இப்படிப் பத்தியத்துக்கு எடுத்து வைத்தவள் வேறு எங்கேயும் இருக்கமாட்டாள்.

காவேரி சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, வெல்லம் உள்ள போயிட்டே இருக்கு, அதனால கொழுப்பு அப்படியே இருக்கு. மீனு, முட்டை, பருப்பு போகல. அதனால கரைஞ்சது உங்க தாகத், உடம்புல இருக்குற பலம். சமஜ் கயே, புரிஞ்சுதா? பட்டினி கிடக்காதீங்க. காலைல ரெண்டு முட்டை. மத்தியானம் நல்லா மீன், கீரை, சோறு கம்மி. ராத்திரி ஒரு ரொட்டி, பருப்பு. தேத்தண்ணி குடிங்க, வெல்லம் பந்த். அப்புறம் வெயிட் தூக்கணும்."

"நானா? எந்திரிக்கவே முழங்கால் விடமாட்டேங்குது, வெயிட்டு தூக்கவா? கேலி பண்றியா தங்கச்சி?"

"வீட்டுல ஒரு ஆம்பளையத் தினம் தூக்குறீங்க. அது என்ன பூவா?"

திரும்பும் வழியில் வசந்தகுமாரி முட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

வெல்லத்தை விட்ட முதல் வாரம் தேவேந்திரனால் அவளிடம் வாய் கொடுக்க முடியவில்லை. தலைவலி, எரிச்சல், எதைப் பார்த்தாலும் குற்றம். வெல்லமில்லாத தேத்தண்ணி கஷாயம் மாதிரி இருக்கிறது என்று முற்றத்தில் கொட்டினாள், பிறகு மறுபடி போட்டாள். இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. பிய்ந்துபோன ரொட்டியைச் சம்பல் தொட்டு நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். பிய்ந்த ரொட்டிக்குக் கணக்குக் கிடையாது என்பது அவள் சட்டம். அந்தச் சட்டமும் போயிற்று. பக்கத்து வீட்டுக் கோழிகள் கொழுத்தன. வாசலுக்கு வரும் மீன்காரியிடம் சூரைத் துண்டமும் மத்தியும் வாங்கி, எண்ணெய் கொட்டிப் பொரிக்காமல் புளிக்குழம்பில் போட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டாள். வயிறு நிறையச் சாப்பிட்டு மெலிவதாவது என்று அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

தூக்கும் வேலை வெறும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பித்தது. பிறகு தண்ணீர் நிரப்பிய எண்ணெய் டின். பிறகு பாதி மாவு மூட்டை. முதுகை வளைக்காதே, இடுப்பைப் பின்னால் தள்ளு, பொருளை உடம்போடு ஒட்டிப் பிடி, காலால் எழு. இவ்வளவுதான் காவேரி சொன்ன சூத்திரம். நைட்டி காலில் சிக்கியது என்று புருஷனின் பழைய காக்கிக் கால்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்தக் கோலத்தில் அவள் மாவு மூட்டையோடு மல்லுக்கட்டுவதைக் கட்டிலிலிருந்து பார்த்த தேவேந்திரன் சிரித்துவிட்டான். வாய் கோணிக்கொண்டு எச்சில் வழியச் சிரித்தான். பக்கவாதத்தில் விழுந்த நாளுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, ஆனால் விட்டுக்கொடுப்பாளா?

"என்னா சிரிப்பு? மூட்டை தூக்கினவருதானே, சொல்லித்தாறது!"

"கால... அகட்டி வையி" என்றான் அவன்.

அன்றிலிருந்து அவள் தூக்கும்போதெல்லாம் அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சைப் பிடிக்காதே என்பான், அவசரப்படாதே என்பான். முழங்கால் வலித்த நாளில் டின்னோடு நிறுத்திக்கொண்டாள். வலிக்காத நாளில் மூட்டைக்குப் போனாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே மூட்டைதான் நகர்ந்தது, எடை மிஷின் முள் நகரவில்லை. ஆஸ்பத்திரி மிஷின்மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு வசந்தகுமாரி காவேரியிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"இத்தன நாளு நாக்க அடக்கிக்கிட்டு இருந்தேனே, இந்தப் பாழாப்போன மிஷினுக்குக் கண்ணில்லையா?"

"ரவிக்கை எப்படி இருக்கு அக்கா?"

"இடுப்புல தொளதொளங்குது. கைக்கிட்ட மட்டும் புடிக்குது."

"அப்போ? கொழுப்பு போச்சு, தாகத் வந்துச்சு. மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்களுக்கு ஒண்ணா?"

பொங்கல் வந்து போனது. பின்னாலேயே நல்லதம்பியும் கப்பலில் ஹேடோ வந்து இறங்கி, படகேறி வீட்டுக்கு வந்துவிட்டான். அண்ணனுக்கும் சேர்த்துத் திரும்பும் டிக்கெட் அவன் பையில் இருந்தது. கெட்டவன் இல்லை அவன். அண்ணனுக்குப் புதுச்சட்டை, அண்ணிக்குச் சேலை எல்லாம் வாங்கி வந்திருந்தான். அண்ணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போன்ல மெலியப் போறேன்னு சொன்னீங்க, அப்படியேதான் இருக்கீங்க அண்ணி" என்றான். வசந்தகுமாரிக்குச் சுருக்கென்றது. சக்கர நாற்காலிமேல் இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். நாற்காலியைத் துடைத்துக் கட்டிலருகே தள்ளிவந்து நிறுத்தினாள்.

"சாப்பிட வாங்க. இன்னைக்குத் தம்பியோட உக்காந்து சாப்பிடலாம்" என்றாள் புருஷனிடம்.

நல்லதம்பி எழுந்து சட்டைக் கையை மடித்தான்.

"நீ உக்காரு தம்பி."

அவள் புருஷன் எதிரே வந்து, கால்களை அகட்டி, அவனுடைய செயலற்ற முழங்காலைத் தன் முழங்காலால் அணைத்து, இடுப்பைப் பிடித்தாள். உள்ளுக்குள் பயம்தான். மூட்டை வேறு, மனிதன் வேறு. பாதியில் விட்டால் தம்பி கண்முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும். மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தாள். அவன் எழுந்தான். இத்தனை காலமும் அவள் தூக்கினால் கல்லாய்க் கனப்பவன், இன்றைக்கு இடது காலைத் தரையில் ஊன்றி அழுத்தித் தள்ளினான். அந்த அழுத்தம் அவள் கைக்குத் தெரிந்தது. அவளைப் போலவே அவனுக்கும் பயம் என்பதும் தெரிந்தது. இரண்டு பேருமாகச் சுற்றி நாற்காலியில் இறங்கினார்கள்.

நல்லதம்பி மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான். தேவேந்திரனுக்கு மூச்சு நிதானப்படச் சற்று நேரமானது.

"நான் வரல" என்றான் தம்பியிடம். "எனக்கு... இங்கதான்."

 நல்லதம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒன்ன அங்க கொண்டுபோய் விட மனசே இல்லண்ணே" என்றான். வசந்தகுமாரி இருவருக்கும் மீன்குழம்பு ஊற்றினாள். தனக்கும் ஒரு துண்டம் சேர்த்தே போட்டுக்கொண்டாள்.

நல்லதம்பி ஊருக்குத் திரும்பும் நாளில் தேவேந்திரன் தானும் படகுத்துறைக்கு வருவதாகச் சொன்னான். பக்கவாதம் வந்ததிலிருந்து ஒருநாள்கூட அவன் தெருவில் தலைகாட்டியதில்லை. நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போனார்கள். படகு வரும் நேரம், துறையில் ஆபீஸ் போகிறவர்களும் ஸ்கூட்டர்களும் டீக்கடைக் கூட்டமுமாக இருந்தது. ஆட்டோ நின்றதும் இரண்டு ஆட்கள் உதவிக்கு ஓடிவந்தார்கள். நல்லதம்பியும் கை நீட்டினான்.

தேவேந்திரன் இடது கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினான். நாக்கு ஒத்துழைக்கவில்லை. இரண்டு முறை தொடங்கி, திக்கி, மூன்றாம் முறை துறையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னான்:

"தள்ளிக்கங்க. என் பொண்டாட்டி தூக்குவா."

வசந்தகுமாரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.