படிக்காமல் போட்ட கையெழுத்து

மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் எங்கள் குடியிருப்பு. எந்த மனுவாக இருந்தாலும் நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்ற பெண்கள் போடுவார்கள். அதில் எனக்குப் பெருமை அதிகம். ஆனால் என் பெயரைத் தாண்டி எழுதவும் படிக்கவும் தடுமாறுவேன்.

ஆஸ்பத்திரிகளை மாற்றியமைக்கப் புதுச் சட்டம் போட்டு நிதி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி, கையெழுத்து வாங்க ஒருவர் தாளோடு வந்தார். எங்கள் தெருமுனைப் பிரசவ ஆஸ்பத்திரி பெரிதாகப் போகிறது என்று நினைத்தேன். அங்கே வேலை பார்க்கும் நர்சம்மா என் பக்கத்தில் வந்து, "முழுசா படிச்சிட்டுப் போடு ஆயா. வேணும்னா நான் படிச்சிக் காட்றேன்" என்றார்.

அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. "இன்னா நர்சம்மா, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?" என்றேன். கண்ணாடியை மாட்டி, தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் போட்டார்கள்.

போன வாரம் பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டில்களை லாரியில் ஏற்றினார்கள். ஓடிப்போய்க் கேட்டேன்.

"பெரிய ஆஸ்பத்திரியோட சேக்கறாங்க ஆயா. இத மூட ஆட்சேபனை இல்லன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க" என்றார் நர்சம்மா. குரலில் கோபமே இல்லை.

என் மருமகளுக்கு ஒன்பதாம் மாதம். முதல் பிள்ளை, வலி எடுத்த அரை மணியில் பிறந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு தி.நகர் நெரிசலைத் தாண்டிப் போகவேண்டும்.

"வலி வந்தா எங்க போறது அத்தே?" என்று நேற்றுக் கேட்டாள்.

"ஆட்டோ கீது, பயப்படாதே" என்றேன். அந்தத் தாளை நர்சம்மாவிடம் நீட்டியிருந்தால் என் கௌரவம் ஒன்றும் குறைந்திருக்காது. படிக்காமல் கையெழுத்துப் போட்டதை மருமகளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அவள் லேசாக முனகினாலும் ஆட்டோ நிற்கிறதா என்று வாசலுக்கு ஓடுகிறேன்.