அம்மாவுக்கும் புரிந்த நிரல்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். கல்லூரியில் பைத்தான் என்ற கணினி மொழியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அடைப்புக்குறிகள் மொய்க்காத நாலே வரியில் ஒரு நிரல் எழுதிவிடலாம். நான் எழுதிய ஒன்றை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்: "மழை பெய்தால் மோட்டாரை நிறுத்து. இல்லையென்றால் ஓட்டு."

"இம்புட்டுத்தானா? இதுக்கா நாலு வருசம் படிச்ச?" என்று சிரித்தாள்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் கூலிக்குப் போகிறவள் அவள். "எனக்கு வேலை கிடைச்சதும் நீ மலையேற வேண்டாம்" என்றேன்.

தேனியில் நேர்காணலன்று அவளும் வந்து வாசலில் காத்திருந்தாள். உள்ளே அதிகாரி என் நிரலைப் பாராட்டினார். "சுத்தமா எழுதியிருக்கம்மா. ஆனா இதையெல்லாம் இப்ப மெஷினே எழுதிருது. இனி ஆள் எடுக்க வேண்டாம்னு மேலிடத்துல நேத்துதான் சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னாக ஆத்தா?" என்றாள் அம்மா, நான் வெளியே வந்ததும்.

சொன்னேன். அம்மா போனை எடுத்து, "நாளைக்கு வாரேண்ணே" என்றாள் ஜீப்காரரிடம்.

எவருக்கும் புரியும் என்பதற்காகவே அந்த மொழியை நேசித்தேன்; அதை மெஷினும் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது விடியுமுன் அம்மாவை ஏற்ற வரும் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் போர்வைக்குள் விழித்தே கிடக்கிறேன்.