ஏழுமலையின் இடுப்பளவு

போன செவ்வாய்க்கிழமை பாரிமுனையில் பஸ் ஏறப் போனேன். புத்தம் புது பஸ். பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. எல்லாம் சரி... படி எங்கே?

குனிந்து தேடவில்லை, நிமிர்ந்துதான் தேடினேன். என் முழங்காலுக்கு மேலே ஒரு சாண் தள்ளி இருந்தது முதல் படி. ஒரு கையில் கூடை, தோளில் பை, காலைத் தடுக்கப் புடவை.

"ஏறும்மா, டைம் ஆவுது," என்றார் கண்டக்டர்.

"ஏறலாம். ஏணி இருக்கா?"

"புது மாடல்மா. ரோட்ல இன்னா தண்ணி நின்னாலும் உள்ள வராது."

தண்ணீர் வராது, சரி. நான் எப்படி வருவது? பின்னால் நின்ற பூக்காரம்மா முதுகில் கை கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். ஏறினேன் என்பதைவிட ஏற்றப்பட்டேன் என்பதே சரி. சீட்டில் உட்கார்ந்ததும் கோபம்தானே வர வேண்டும்? சிரிப்பு வந்தது. கண்டக்டர் சொன்ன இதே வசனத்தைப் பத்து வருஷம் முன்னால் நான் கேட்டிருக்கிறேன் — என் வீட்டுக்காரர் வாயாலேயே.

அப்போது நான் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பள்ளிக்கூட டீச்சர். பிறந்தது காட்டூர், வயலும் வரப்பும். வாழ்க்கைப்பட்டது குப்பத்தில், மணலும் தண்ணீரும். காட்டூர்ப் பெண் எப்படிக் குப்பத்துக்குப் போனாள் என்கிறீர்களா? அது தனிக் கதை. அதற்கு இந்தப் பக்கம் பத்தாது.

தோணிரேவைத் தாண்டி எங்கள் குப்பம். தார் ரோட்டுக்கு வர ஒன்றரை மைல் மணலில் நடக்க வேண்டும். நடுவில் ஏரியின் ஒரு கிளை குறுக்கே கிடக்கும். ஓடை என்போம். சித்திரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டலாம். கார்த்திகையில் அதற்கு வேறு முகம்.

என் வீட்டுக்காரர் முனிரத்தினம் — இனிமேல் 'இவர்' — மிலிட்டரி ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தார். குப்பத்து இறாலை ஐஸ் போட்டு ரோட்டுக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். முதல் வாரமே ஜீப் மணலில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. ஐஸ் கரைந்தது, இறால் நாறியது. இவர் மட்டும் கலங்கவில்லை. "வண்டி தாழ்வா கீது வசந்தா. தூக்கிட்டா போதும்," என்றார்.

தூக்குவதற்கு ஒரு ஆள் வேண்டுமே? பழவேற்காட்டில் ஒர்க் ஷாப் வைத்திருந்த கரீம் பாய் கிடைத்தார். இவருக்குப் பால்ய சிநேகிதர். இருவரில் ஒருவர் ஒரு யோசனை சொன்னால் மற்றவர் தடுப்பார் என்றுதானே நினைப்போம்? இவர்கள் விஷயத்தில் ஒருவர் அரை அடி சொன்னால் மற்றவர் ஒரு அடி என்பார்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு எட்டாம் மாதம். வயிற்றைத் தொட்டுப் பார்த்த எங்கள் குப்பத்து நர்ஸம்மாவின் முகம் மாறியது.

"டீச்சர், புள்ளைக்குக் கால் கீழ கீது. தலை மேல கீது. வூட்ல வெச்சுப் பாக்கற கேஸ் இல்ல இது. வலி வந்தா நேரா பொன்னேரி ஆஸ்பத்திரிதான்."

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு ராத்திரி பூரா விரல்விட்டு நாள் எண்ணினேன். தலைச்சன் பிள்ளை. கார்த்திகை மாதம். நடுவில் ஓடை. தோணியில் போகலாமே என்பீர்கள். போகலாம், வாடைக் காற்று சம்மதித்தால். எதிர்க்காற்றில் தோணி பழவேற்காடு போய்ச் சேர அரை நாள். அப்புறம் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். பிள்ளை காத்திருக்குமா?

இவர் சொன்னார்: "நீ பயப்படாத. ஓடையில இன்னா தண்ணி நின்னாலும் ஜீப்புக்குள்ள வராது. உன்னை ஒரு சொட்டு நனையாம கொண்டுபோறேன்."

சும்மா சொல்லக் கூடாது. இறாலுக்காக ஆரம்பித்த வேலை அன்றிலிருந்து எனக்காக நடந்தது.

ஓடையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தால்தானே எவ்வளவு உயர்த்துவது என்று தெரியும்? எங்கள் குப்பத்தில் தண்ணீருக்கு அடி, அங்குலம் எல்லாம் கிடையாது. கணுக்கால், முழங்கால், தொடை, இடுப்பு, மார், கழுத்து... இதுதான் ஸ்கேல். என் மாமனாருக்கு ஓடையின் ஒவ்வொரு குழியும் அத்துப்படி. அவர் கரையில் உட்கார்ந்து மடியில் வலையைப் போட்டுக் கண்ணி சரிபார்த்துக்கொண்டிருந்தார். இவர் போய் நின்றார்.

"நைனா, கார்த்திகையில ஓடையில எவ்ளோ தண்ணி நிக்கும்?"

"இடுப்பளவு," என்றார் நைனா, தலையைத் தூக்காமலே.

போதாதா? தோணி தள்ளும் கழியை எடுத்தார் இவர். அதில் இடுப்பளவைக் குறிக்க ஒரு இடுப்பு வேண்டும். பக்கத்திலேயே ஏழுமலை நின்றுகொண்டிருந்தான். இவருக்குச் சித்தப்பா பிள்ளை. "டேய், ஆடாம நில்லு," என்று கழியை அவன் பக்கத்தில் நிறுத்தி, இடுப்புக்கு நேராகக் கத்தியால் ஒரு வெட்டு.

ஏழுமலை ஆறடி மூன்று அங்குலம். சினிமாக் கொட்டகையில் அவனுக்குப் பின்னால் யாரும் உட்கார மாட்டார்கள். என் மாமனாரின் உயரம்... இருங்கள், வருகிறேன்.

கழியில் விழுந்த அந்த வெட்டுதான் சட்டம். ஜீப்பின் தரை அந்த வெட்டுக்கு வர வேண்டும். ஜீப்பின் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி வீசினார் கரீம் பாய். உடைசலில் வந்த ஒரு லாரியின் ஸ்பிரிங் பட்டைகளைப் போட்டார்கள். வெட்டு வரவில்லை. ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே, படகு கட்ட வைத்திருந்த வேப்பங்கட்டையை அறுத்துச் செருகினார்கள். கொல்லரிடம் நீளமான யூ போல்ட் அடித்து வாங்கி இறுக்கினார்கள். இன்னும் வரவில்லை. காட்டூரிலிருந்து என் அண்ணன் டிராக்டர் டிரெய்லரின் பழைய டயர்கள் நான்கை அனுப்பி வைத்தான். பொருத்தினார்கள். வந்துவிட்டது வெட்டு. சைலன்சர் குழாயை வளைத்து ரைஸ் மில் புகைபோக்கி மாதிரி மேலே கொண்டுபோனார்கள்.

இதோடு விட்டார்களா? உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்குமாம். படகுக்குத் தடவுவது போல ஸ்பிரிங் பூராவும் மீன் எண்ணெய் தடவினார் இவர். குப்பத்துப் பூனை அத்தனையும் ஜீப்புக்கு அடியில் குடிவந்துவிட்டது.

வெள்ளோட்டத்துக்கு ஊரே கூடியது. இவர் தனியாக ஜீப்பில் ஏறி ஓடையைத் தாண்டித் திரும்பி வந்தார். கரீம் பாய், "ஜோரா கீது உஸ்தாத்," என்று தோளில் தட்டினார். அன்று ஓடையில் தண்ணீர் முழங்காலளவுதான் என்பதை யாரும் பேசவில்லை. என்னை ஏற்றிப் பார்க்கவும் இல்லை. 'அலுங்காமல் இருக்க வேண்டும்' என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாளே, ஜீப்பின் பக்கமே விடவில்லை என்னை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஜீப்பிலேயே என்னை அம்மா வீட்டுக்கு, காட்டூருக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பிள்ளை வியாழக்கிழமையே அவசரப்பட்டது. காலையில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழெட்டு ஐம்பத்தாறு வரும்போது முதல் வலி. ஏழு பத்து எழுபது சொல்லவில்லை.

பள்ளிக்கூட வாசலுக்கு ஜீப் வந்தது. இவர் ஸ்டியரிங்கில், பக்கத்தில் கரீம் பாய். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். அண்ணாந்து பார்த்தேன்.

ஏழுமலையின் இடுப்பு எனக்கு மார்பு. ஜீப்பின் தரை என் மார்புக்கு நேரே இருந்தது.

"ஏறு வசந்தா," என்றார் இவர்.

"எப்படிங்க?"

அந்தக் கேள்வி இரண்டு மாதத்தில் முதன்முறையாக இவர் மூளைக்குள் போனது. முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பள்ளிக்கூட பெஞ்சைக் கொண்டுவந்தார்கள். நான் ஒரு காலை வைத்ததும் ஒரு பக்கம் மணலில் புதைந்து சாய்ந்தது. ஏணி கொண்டுவந்தார்கள். நிறை மாதக்காரி ஏணி ஏறுவாளா என்று நர்ஸம்மா அதைப் பிடுங்கிப் போட்டாள். இவர் என்னைத் தூக்கப் பார்த்தார். இவர் எடை ஐம்பது கிலோ. என் எடையைச் சொல்ல மாட்டேன். "நீ தூக்குடா," என்று ஏழுமலையைக் கூப்பிட்டால், அவன் இரண்டடி பின்னால் போனான். "ஐயே, அண்ணிய நான் எப்பிடி தொட்டுத் தூக்கறது?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அடுத்த வலி வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் புருஷன், கொழுந்தன், பாய் என்று பார்க்காமல் எல்லாரையும் முட்டி போட வைத்திருப்பேன்.

அப்போதுதான் என் மாமனார் வந்தார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னாடா இது, தேரா? தேங்கா ஒடைக்கணுமா?" என்றார். "படகு மணல்ல மேல நின்னா இன்னா பண்ணுவோம்? படகையா கொறைப்போம்? மணல வாருங்கடா."

புரிகிறதா? இரண்டு மாதம் பாடுபட்டுத் தூக்கிய ஜீப்பை இறக்க, நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு பள்ளம். துடுப்பாலும் கையாலும் பத்துப் பேர் மணலை வாரினார்கள். ஜீப் மெல்ல மெல்லக் கீழே வந்தது. பூனைகள் சிதறி ஓடின. வீட்டுக்குள் நுழைவது போல உள்ளே கால் வைத்து உட்கார்ந்தேன். நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நைனாவும் பின்னால் தொற்றிக்கொண்டார்.

இவர் ஜீப்பைக் கிளப்பினார். சக்கரம் சுற்றியது. ஜீப் நகரவில்லை. பள்ளத்தில் இறக்கிய வண்டி பள்ளத்தில்தானே இருக்கும்?

ஏழுமலை முன்னால் வந்தான். பம்பருக்கு அடியில் கழிகளைக் கொடுத்து, தோளில் வாங்கி, படகு தள்ளும் அதே ஏலேலோ போட்டு, பன்னிரண்டு பேர் என்னோடு சேர்த்து ஜீப்பை வெளியே எடுத்தார்கள். அண்ணியைத் தொடக் கூடாது, அண்ணி உட்கார்ந்த ஜீப்பைத் தூக்கலாம் போல.

ஓடை வந்தது. கரையில் நிறுத்தி, கரீம் பாய் ஃபேன் பெல்ட்டைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டார். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி இன்ஜின்மேல் அடிக்குமாம். ஜீப் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், நடு ஓடை. தண்ணீர் தரைக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது.

இவர் முகத்தில் பெருமை இல்லை, குழப்பம். "இன்னா நைனா, இடுப்பளவுன்னியே? எங்க தண்ணி?"

"இடுப்பளவுதாண்டா. என் இடுப்பளவு," என்றார் நைனா. வாயால் சொன்னால் போதாதா? ஜீப்பிலிருந்து தண்ணீரில் குதித்து நின்றே காட்டினார். சரியாக இடுப்பு. அவர் உயரம் நாலடி ஒன்பது அங்குலம்.

"மாமா, இடுப்ப அப்புறம் அளந்துக்கலாம். ஏறுங்க," என்று நான் கத்தினேன்.

அவரால் ஏற முடியவில்லை. உயரம். ஜீப்பை நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் மணலில் புதைந்துவிடும். நடு ஓடையில் நின்று, "போங்கடா, போங்க," என்று கையாட்டிக்கொண்டே சின்னதாகிப் போனார் என் மாமனார்.

அப்புறம் பொன்னேரி வரைக்கும்... அதை எப்படிச் சொல்ல? அந்த ஸ்பிரிங் லாரி லோடு தாங்கிப் பழகியது. நாலு பேரை அது மதிக்கவே இல்லை. சின்னக் கல்லுக்கும் எம்பியது. ஸ்டியரிங்கை இவர் பிடித்திருந்தாரா, அது இவரைப் பிடித்து ஆட்டியதா தெரியாது. நர்ஸம்மா தனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னாள். கரீம் பாய் அவர் பங்குக்கு அல்லாவைக் கூப்பிட்டார். நான் மனசுக்குள், 'கண்ணு, பொறுத்துக்கோ' என்று பிள்ளையிடம் பேசிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் ஜீப்பை ரிவர்ஸ் எடுத்து வராண்டாவை ஒட்டி நிறுத்தினார்கள். வராண்டாவும் ஜீப்பும் ஒரே மட்டம். ராணி மாதிரி நடந்து இறங்கினேன். "பாத்தியா, கரெக்ட் ஹைட்டு," என்றார் இவர். அந்த வலியிலும் முறைத்தேன்.

லேடி டாக்டர் தொட்டுப் பார்த்தார்.

"கால் கீழேன்னு யார் சொன்னது? தலைதானே கீழே இருக்கு."

நர்ஸம்மா வாயைப் பிளந்தாள். பிள்ளை சில நாள் முன்பே தானாகத் திரும்பியிருக்கும், அப்படி நடப்பதுண்டு என்றார் டாக்டர். ஒரு மணி நேரத்தில் சுகப்பிரசவம். பெண் குழந்தை. அவள் அழுத சத்தத்தில் நானும் அழுதேன்.

டாக்டர் சொன்னதை வெளியே நின்ற இரண்டு பேரும் நம்பத் தயாராக இல்லை. திருப்பியது லாரி ஸ்பிரிங்தான் என்று இவரும் கரீம் பாயும் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். செய்தி குப்பத்துக்கும் போய், எட்டாம் மாதத்தில் பிள்ளை திரும்பாமல் இருந்த ஒருத்தி, "ஜீப்ல ஒரு ரவுண்டு உடுண்ணா," என்று இவரிடம் வந்து நிற்க, நர்ஸம்மா விளக்குமாற்றோடு வர வேண்டியதாகிவிட்டது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார் இவர். கையில் அதே கழி.

"சுவத்தைப் புடிச்சிகினு நில்லு வசந்தா. காலைத் தூக்கு. வலிக்காம எவ்ளோ தூரம் வருதோ அவ்ளோதான்."

தூக்கினேன். கழியில் ஒரு வெட்டுப் போட்டார். கூச்சத்தோடு நர்ஸைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். குழந்தையோடு நான் வெளியே வந்த அன்று ஜீப் அரை அடி இறங்கியிருந்தது. கரீம் பாய் பக்கவாட்டில் ஒரு இரும்புப் படி வெல்டிங் வைத்திருந்தார். குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, யார் துணையும் இல்லாமல், அலுங்காமல் ஏறினேன்.

எனக்காக என்று உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ செய்திருக்கிறார்கள். என்னை அளந்து செய்தது அந்தப் படி ஒன்றுதான். ஓடையை அளக்கிறோம், மணலை அளக்கிறோம், பக்கத்தில் நிற்பவன் இடுப்பைக்கூட அளக்கிறோம். ஏற வேண்டியவளை ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

செவ்வாய்க்கிழமை பஸ் கதையை இவரிடம் சொன்னேன். பரணிலிருந்து கழியை எடுத்துத் துடைத்து, பஸ் கட்டுகிறவர்களைப் பார்க்க நாளைக் காலை கிளம்புகிறார். தாராளமாகப் போகட்டும். துணைக்கு ஏழுமலையைக் கூப்பிடக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.