ஐந்து மீட்டர் தோரணம்

நீச்சல் குளத்தில் அவரை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வேறு பெயர். இடுப்பு பெல்ட்டில் எப்போதும் ஓர் அளவு டேப் தொங்கும். காலையில் மற்ற ஊழியர்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கும்போது, அவர் மட்டும் நேராகப் போய்த் தோரணத்தை அளப்பார்.

மல்லாந்து நீந்துகிறவனுக்குப் போகிற இடம் தெரியாது. கூரையைப் பார்த்துக்கொண்டே தலைதெறிக்கப் போவான். சுவர் நெருங்குகிறது என்று அவனுக்குச் சொல்வது, குளத்துக்குக் குறுக்கே கட்டிய கொடித்தோரணம் ஒன்றுதான். சுவரிலிருந்து சரியாக ஐந்து மீட்டர். கொடிகள் முகத்துக்கு மேல் கடந்ததும் கைவீச்சை எண்ணத் தொடங்குவான். நாலாவது வீச்சில் கையை நீட்டினால் விரலுக்குச் சுவர் கிடைக்கும்.

டேப்புக்கு ஒரு தடவை கிடைக்காமல் போயிற்று.

அவரும் தம்பியும் நீந்திப் பழகிய பழைய குளத்தில், தோரணக் கம்பங்களை யாரோ ஒரு கொத்தனார் நாலு மீட்டரிலேயே சிமென்ட் போட்டு ஊன்றிவிட்டுப் போயிருந்தார். யாரும் அளந்து பார்த்ததில்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் மூன்று எண்ணிக் கையை நீட்டுவார்கள். தேசிய அணிக்கான தேர்வு அன்று வேன் பஞ்சராகி, உடம்பைச் சூடாக்கக்கூட நேரமில்லாமல் புதுக் குளத்தில் இறங்கினார்கள். முதல் பிரிவில் அண்ணன். முக்கால்வாசித் தூரம் வரை அவர்தான் முன்னால். தோரணம் கடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கையை நீட்டினார். வெறும் தண்ணீர். நீட்டிய கையோடு மிதந்து போய்த் தொடுவதற்குள் மூன்று பேர் தொட்டுவிட்டார்கள். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி, அடுத்த பிரிவில் நாலு எண்ணினான். அணிக்குப் போனான்.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் ஒரு தடவை சொன்னார். "அப்ப நீங்கதான் அவருக்கு வாத்தியார்னு சொல்லுங்க" என்று அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

அந்தத் தேர்வு நடந்து பதினோரு வருஷம் ஓடிவிட்டது. வழுக்கிக்கொண்டு போகிற லாகவத்துக்காகத் தம்பிக்கு விலாங்கு என்று பெயர் வந்தது. பத்திரிகைகளும் அப்படியே எழுதின. அம்மாவின் அறையில் விலாங்கின் படங்கள் சுவர் தெரியாமல் மாட்டியிருந்தன. டேப்பின் பள்ளிக்கூடக் கோப்பை ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவருடைய மகள், 'எங்கள் குடும்பம்' என்ற கட்டுரையில், 'எங்கள் வீட்டில் ஒருவர் நீச்சல் வீரர், அவர் என் சித்தப்பா' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். அவரே அதில் கையெழுத்துப் போட்டார். தம்பி எங்கே எத்தனை விநாடியில் நீந்தினான் என்பது, விநாடியின் நூறில் ஒரு பங்கு வரைக்கும் அவருக்கு மனப்பாடம். யாராவது கேட்டால் மட்டும், "அதையெல்லாம் யார் பாக்கறா, வேலையே சரியா இருக்கு" என்பார்.

இப்போது உலகப் போட்டி அவருடைய குளத்துக்கே வந்துவிட்டது. ஆண்கள் ஐம்பது மீட்டர் மல்லாந்து நீச்சல் இறுதிச் சுற்றில், நாலாவது பாதையில் தம்பி.

பம்ப் ஆபரேட்டர் காலையிலிருந்தே சும்மா விடவில்லை. "என்ன டேப்பு, உங்க தம்பி நீந்தறதுக்கு நீங்க தண்ணியை அளந்து ஊத்தறீங்களா?" என்றார். டேப்பும் கூடச் சிரித்துவைத்தார்.

மாலையில் வீரர்கள் உடம்பைச் சூடாக்கி முடித்துப் போனதும், வழக்கம்போல் அளவு டேப்பை இழுத்துப் பிடித்தார். நாலு மீட்டர். கண்ணைக் கசக்கிக்கொண்டு எதிர்க்கரையிலும் அளந்தார். அங்கேயும் நாலு. மத்தியான இடைவேளையில் ஒளிபரப்பு ஆட்கள், கேமராவுக்கு மறைக்கிறது என்று இரண்டு கம்பங்களையும் சேர்த்து நகர்த்தியிருந்தார்கள். கேட்டதற்கு, கொஞ்சம்தானே சார் என்றார்கள்.

கம்பங்களை ஐந்து மீட்டருக்கு இழுத்துத் திருகாணியை முறுக்க நிமிஷ நேரம்தான் ஆயிற்று. முறுக்கி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எட்டுப் பேரும் இவ்வளவு நேரம் நாலு மீட்டர் தோரணத்தில் பழகியிருக்கிறார்கள். கவனமுள்ளவன் கணக்கை மூன்றாக மாற்றியிருப்பான். விலாங்கைவிடக் கவனமுள்ளவன் யார்? இப்போது தோரணம் ஐந்தில் நிற்கிறது. மூன்று எண்ணிக் கையை நீட்டுவான். உலகமே பார்க்க, வெறும் தண்ணீர்.

யாரும் டேப்பை ஒரு வார்த்தை கேட்க முடியாது. கம்பம் விதிப்படி நிற்கிறது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான். கையில் அழுக்கே படாத பழி.

கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தார். போட்டிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. உண்மையைச் சொன்னால், அதில் சில நிமிஷங்கள் அவருக்கு நன்றாகவே இருந்தன. தம்பி மிதந்து போவதை, திகைத்துத் திரும்பிப் பார்ப்பதை, அம்மா தொலைக்காட்சியை அணைப்பதை வரிசையாக மனதில் ஓட்டிப் பார்த்தார். தம்பியின் கை நீண்டது. நீண்ட அந்தக் கையில் அவருடைய தோள்பட்டை வலித்தது. விரல்கள் தாமாக விரிந்து எதையோ தேடின. அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

எழுந்து தலைமை நடுவரிடம் ஓடினார். நடுவர் முகம் சுண்டிப்போய், அவரையும் இழுத்துக்கொண்டு வீரர்கள் காத்திருக்கும் அறைக்குப் போனார். தோரணம் தவறான இடத்தில் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று எட்டுப் பேருக்கும் பொதுவாக அறிவித்தார். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். விலாங்கு மட்டும் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தான்.

டேப்பு அவன் பக்கமாகப் போய், "நாலு எண்ணு" என்றார்.

"நாலுதாண்ணா வெச்சிருக்கேன்."

"சூடு பண்றப்ப தெரியலையா?"

"மொத ரவுண்டுலயே தெரிஞ்சுது. நம்ம பழைய குளம் மாதிரியே இருந்துச்சு. போட்டிக்குள்ள எப்படியும் நீ வந்து அளந்துருவ, கணக்கை எதுக்கு மாத்தணும்னு விட்டுட்டேன்."

டேப்புக்குக் காது சுட்டது. வேகம் அவனிடம், பெயர் அவனிடம், அம்மாவின் சுவர் அவனிடம். கடைசியில் அண்ணனைப் பற்றிச் சந்தேகமே வராத மனசும் அவனிடம்தானா? வாளி மேல் உட்கார்ந்திருந்த சில நிமிஷங்களை வைத்துக்கொண்டு இவர் எங்கே போவது? "சரி, தோளைச் சூடா வெச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

போட்டி அரை நிமிஷம்கூட இல்லை. டேப்பு வேறெதையும் பார்க்கவில்லை, கொடிகளுக்குக் கீழே உள்ள தண்ணீரைத்தான் பார்த்தார். தம்பியின் முகம் தோரணத்தைக் கடந்தது. இவருடைய உதடு எண்ணியது. நாலாவதில் கை நீண்டது, சுவர் இருந்தது.

இரண்டாவது இடம். பக்கத்துப் பாதைக்காரன் நூறில் இரண்டு பங்கு முந்திவிட்டான். தம்பி உள்ளங்கையால் தண்ணீரை அறைந்தான். டேப்பின் நெஞ்சில் ஒரு மூலை குளிர்ந்தது. குளிர்ந்ததே என்று உடனே எரிச்சலும் வந்தது.

அம்மா போனில் கூப்பிட்டாள். "ஏண்டா, கடைசில அவன் கையை ஒழுங்கா நீட்டலையோ?"

"நீட்டினாம்மா. எங்க நீட்டணுமோ அங்கதான் நீட்டினான்."

"உனக்கென்னடா தெரியும்" என்றாள் அம்மா.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். அடுத்தது பெண்கள் போட்டி. கேமரா ஆட்களை ஒரு முறை முறைத்துவிட்டு, இடுப்பிலிருந்து டேப்பை உருவிக்கொண்டு கம்பத்தடிக்குப் போனார்.