அம்மா சொன்ன பக்கம்

அம்மா சாகும் முன் சொன்னதையெல்லாம் அக்கா ஒரு நோட்டில் எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் அடித்து வைத்தாள். அதில் என்னைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருக்கிறது என்றாள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு பாச்சலூருக்குப் போனவள் நான். அம்மா உயிரோடு இருந்தவரை மேல்மலையிலிருந்த எங்கள் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. "ஒன்னய மன்னிச்சுட்டேன்னுதான் அம்மா சொல்லுச்சு" என்று அக்கா சொன்ன அன்றைக்கு அப்படி அழுதேன்.

படிக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் மலை ஈரத்தில் கெட்டுப்போனது. அதிலிருந்து எடுத்த ஃபைலைப் புதிதில் திறந்தால் கட்டமும் கோடுமாகத்தான் வருகிறதாம். நோட்டைக் கேட்டேன். விதைப் பூண்டுக்குப் புகை போடும்போது கிழித்து நெருப்பில் போட்டுவிட்டேன் என்றாள். ஒன்பது வருஷம் நம்பினேன்.

போன மாதம் அந்த ஃபைலை பென்டிரைவில் கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள், என்ன செய்தாலும் திறக்காது என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். கொடைக்கானலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் காட்டினேன். பழைய தமிழ் ஃபான்ட்தான், யூனிகோடுக்கு மாற்றினால் போதும் என்றாள். நான் வாங்கிய டீ ஆறும் முன் மாற்றியும் விட்டாள்.

கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து படித்தேன். பீன்ஸ் கொடியைக் காட்டெருமை மிதித்தது இருந்தது. அக்காவின் பிரசவம் இருந்தது. செத்துப்போன பசுவுக்கு இரண்டு பக்கம். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. மாற்றும்போது ஏதாவது விட்டுப்போயிருக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் பக்க எண்களை மறுபடி பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள்.

அங்கிருந்தே அக்காவுக்கு போன் போட்டேன். என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றேன்.

"நீ அழுததப் பாக்க முடியலடி. கடைசி வரைக்கும் அம்மா ஒம் பேர எடுக்கவே இல்ல."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பூண்டுக்குப் புகைதான் வேண்டும், தீ ஆகாது. ஈர விறகு வைத்து மூட்டம் போடுவோம். காகிதத்தைப் போட்டால் குப்பென்று பிடித்து விதை வெந்துபோகும். பூண்டு போடும் வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? எனக்கு அந்தப் பக்கம் வேண்டியிருந்தது, அதனால் கேட்கவில்லை.

அக்கா மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பொய் சொன்னதற்காக அல்ல. அவ்வளவு பொய் சொன்னவள், அந்த ஒரு பக்கத்தையும் அடித்து வைத்திருக்கலாம்.