படலை மட்டும்

அப்டேற் செய்தது என் கணவர் அல்ல, நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது கேட்டால் இன்றுவரை அவர் அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு எனக்காகப் பொய் சொல்கிறார்.

நாங்கள் அக்கராயனில் இருந்துகொண்டு வீடியோ வேலை செய்கிறவர்கள். அவர் கமரா பிடிப்பார், நான் லப்டொப்போடு இருப்பேன். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று தொடங்கிய தொழில் இப்போது பாதிக்குமேல் செத்தவீடாகிவிட்டது. பெற்றவர்கள் இங்கே, பிள்ளைகள் வெளிநாட்டில். வர முடியாதவர்களுக்கு நேரலை வேண்டும். பெட்டி வீட்டு வாசலில் உள்ள படலையைத் தாண்டியதும் என் கணவர் ஆண்களோடு சுடலைக்குப் போவார். நான் மற்றப் பெண்களோடு படலையில் நின்றுவிடுவேன். எங்கள் நேரலையும் அங்கேதான் முடியும்.

எங்கள் லப்டொப்பில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்ட் இரண்டு. சின்னது சாதாரண வேலைக்கு, பெரியது வீடியோ மாதிரிப் பாரமான வேலைக்கு. எது எப்போது வேலை செய்வது என்பதை மெஷினே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும். மூன்று வருடமாக அது அப்படி மாறுகிறது என்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் ஒழுங்காக நடக்கிற வேலை எதுவும் ஒருத்தருடைய கண்ணுக்கும் தெரிவதில்லையே, அதே கதைதான்.

விசுவமடுவில் ஒரு அம்மா இறந்துபோனார். செத்தவீட்டுக்கு முதல்நாள் வேறொரு வேலையாக மல்லாவிக்குப் போயிருந்தோம். ஒரு கடைக்குள் இருந்தபோது பார்த்தேன், சிக்னல் முழுக் கோடும் நிற்கிறது. கறண்டும் இருக்கிறது. வன்னியில் வளர்ந்தவளுக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் கை சும்மா இருக்காது. எத்தனையோ வருடம் இரண்டும் இல்லாமல் இருந்த பழக்கம். மாதக் கணக்கில் கெஞ்சிக்கொண்டிருந்த அந்த அப்டேற் பொத்தானை அமத்திவிட்டேன். முடிந்ததும் திரை பளிச்சென்று வந்தது. கமராவை லப்டொப்பில் பூட்டிப் பார்த்தேனா? இல்லை. பார்த்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அடுத்தநாள் காலை விசுவமடு வீட்டில் தகரப் பந்தலின் கீழ் அந்த அம்மா கிடந்தார். ஒரே மகள். பதின்மூன்று வருடத்துக்கு முன் வெளிநாடு போனவர், அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது, அங்கே இரண்டு சின்னப் பிள்ளைகள். முதல்நாள் உறவினர் ஒருவர் போனில் வீடியோ கோல் எடுத்துக் காட்டப் போய், சிக்னல் இல்லாமல் படம் உறைந்து, கடைசிவரை பந்தலின் தகரம்தான் தெரிந்ததாம். நாங்கள் உயரமான கம்பத்தில் சிக்னல் பெட்டியைக் கட்டி அதிலிருந்து கேபிளை லப்டொப்புக்கு இழுப்போம். அதனால்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தங்கச்சி, அம்மான்ர முகத்தை வடிவாப் பாக்கோணும். உங்களைத்தான் நம்பியிருக்கிறன்," என்று காலையில் மகள் போனில் சொன்னார்.

"ஓம் அக்கா, நீங்கள் யோசியாதேங்கோ," என்றேன் நான், பெரிய ஆள் மாதிரி.

விறாந்தையில் மேசை போட்டு லப்டொப்பை வைத்து, கமராவைப் பூட்டி, நேரலை மென்பொருளைத் திறந்தேன். கறுப்பு. மூடித் திறந்தேன். கறுப்பு. கமராவில் படம் இருக்கிறது, கேபிள் நல்லது, சத்தம்கூட வருகிறது. படம் மட்டும் இல்லை. நோண்டிப் பார்த்ததில் பெரிய கார்டின் டிரைவர், அதாவது அதை இயக்குகிற மென்பொருள், அப்டேற்றோடு பழுதாகியிருப்பது தெரிந்தது. மெஷின் விடாப்பிடியாக அந்தப் பழுதான கார்டுக்கே வேலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

சின்ன கார்டையே பாவிக்கும்படி செட்டிங்கில் போய்ச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பழையபடி பெரியதுக்கே போனது. பெரியதை நிறுத்திவிட்டு மெஷினை நிறுத்திப் போட்டேன், பெரியது தானாகவே உயிர்பெற்று வந்து உட்கார்ந்தது. பழைய டிரைவருக்குத் திரும்புகிற பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடந்தது, அமத்த முடியவில்லை. புதிதாக இறக்கலாம் என்றால் அது நகர்ந்த வேகத்துக்கு எட்டாம் நாள், அந்த அம்மாவின் எட்டுச்செலவுக்குத்தான் முடியும். ஐயர் வந்துவிட்டார். பறைமேளம் தொடங்கிவிட்டது. கடவுச்சொல்லை மூன்று தரம் பிழையாக அடித்தேன்.

அப்போதுதான் இறந்தவரின் தம்பி ஒரு கதிரையை இழுத்தார். கதிரைக் கால் வயரில் தட்டி பிளக் கழன்றது. திரை ஒருமுறை இமைத்தது. படம் வந்தது! பந்தல், பூமாலை, முகம், எல்லாம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குனிந்துவிட்டார்.

"குறை நினையாதேங்கோ பிள்ளை, பிளக் கழண்டு போச்சுது. கொழுவி விடுறன்."

கொழுவினார். கறுப்பு.

கறண்டில் இருந்தால் பெரிய கார்ட், பற்றரியில் இருந்தால் சின்னது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணித்தியாலமும் ஒரு கதிரைக் காலும் தேவைப்பட்டன. பிளக்கை நான் கழற்றினேன். இரண்டு நிமிடத்தில் அவர் திரும்பி வந்து, கறண்ட் இருக்கும்போது ஒரு மெஷின் பிளக் இல்லாமல் கிடப்பதைப் பொறுக்க முடியாமல், பாவம், மறுபடி கொழுவினார். எங்கள் ஊரில் கொழுவுவது என்றால் சண்டை பிடிப்பதும்தான். "ஐயா, கும்பிட்டன், கொழுவாதேங்கோ!" என்று நான் கத்தியதில் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சகோதரியைப் பறிகொடுத்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் பற்றரி கிழடு. இருபது நிமிடம்தான் நிற்கும். கிரியை முடிய இரண்டு மணித்தியாலமாவது ஆகும். மகளுக்கு போன் எடுத்து உண்மையைச் சொன்னேன்.

"அக்கா, மெஷின் பிழைச்சுப் போச்சு. இருபது நிமிசம்தான் காட்டலாம். எதைக் காட்ட வேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அவர் அழுவது கேட்டது. லைன் இரைந்தது, பாதிச் சொல்லை விழுங்கியது. பிறகு தெளிவாகக் கேட்டது இதுதான்:

"படலை மட்டும் காட்டுங்கோ தங்கச்சி."

"ஓம் அக்கா. படலை மட்டும்."

"ஓம், படலை மட்டும்." லைன் அறுந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பா, அம்மா மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். நான் பிறந்தது இங்கேதான். வெளியில் வன்னித் தமிழ் பேசுவேன், வீட்டுக்குள் அம்மாவின் தமிழ். எது எங்கே என்று யோசிப்பதே இல்லை, தானாக மாறிக்கொள்ளும். வன்னியில் "சந்தி மட்டும் போட்டு வாறன்" என்றால் சந்திவரை போய்வருகிறேன் என்று அர்த்தம். தினமும் நானே சொல்கிற சொல். ஆனால் எங்கள் வீட்டில் "மட்டும்" என்றால் மாத்திரம், வேறு எதுவும் இல்லை. பதறினால் எனக்கு அம்மாவின் தமிழ்தான் கேட்கும்.

"என்னப்பா, என்னவாம்?" என்று என் கணவர் கேட்டார்.

"படலையை மட்டும் காட்டட்டாம். வேற ஒண்டும் வேண்டாமாம்."

அவர் ஒரு கணம் யோசித்தார். நானும் யோசித்தேன். முகத்தைப் பார்க்க மகளுக்கு மனம் துணியவில்லையாக்கும், கடைசியாகப் போகிற அந்த ஒரு காட்சி போதும் என்று நினைத்தாராக்கும். துக்கத்தில் இருக்கிறவரைத் திருப்பித் திருப்பிக் கேட்பதா? அவருடைய மனத்திடத்தை நான் மெச்சிக்கூடக் கொண்டேன். என் கணவர் கமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படலையைப் பார்க்க நிறுத்தினார். நான் பற்றரியை மிச்சம் பிடிக்க லப்டொப்பைத் தூங்கவைத்து மூடி, யாரும் கொழுவிவிடாதபடி பிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சுண்ணம் இடித்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அந்த அம்மாவின் கன்னத்தைத் தடவினார்கள். பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள். எல்லாவற்றையும் நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் பிளக்.

அப்போது போன் அடித்தது.

"தங்கச்சி, ஏன் இன்னும் ஒண்டும் தெரியேல்லை? நான் விடியமுதல் எழும்பி இதுக்கு முன்னால இருக்கிறன். அம்மான்ர முகம் எப்ப காட்டுவியள்?"

"அக்கா... நீங்கள் படலை மட்டும் எண்டு..."

"ஓம், படலை மட்டும்தான். நான் அங்க நிண்டாலும் படலை மட்டும்தானே வருவன். முகத்தில துவங்கி அது மட்டும் காட்டுங்கோ. பெட்டி மூடேல்லைத்தானே?"

ஓடிப்போய் அந்தத் தம்பியின் கையைப் பிடித்தேன். "ஐயா, ஒருக்கா, ஒரே ஒருக்காத் திறப்பியளோ? மகளுக்கு முகம் காட்டேல்லை." அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆணி அடிச்ச பெட்டி பிள்ளை," என்றார். அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

லப்டொப்பைத் திறந்தேன். படம் உடனே வந்தது, ஒரு குறையும் இல்லாமல், துல்லியமாக. வெள்ளை கட்டிய படலை. ஆண்களின் தோளில் பெட்டி. அது படலையைத் தாண்டியது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். போனில் அவரும் அழுதுகொண்டிருந்தார். "அம்மா, அம்மா" என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

"அக்கா, இன்னும் பற்றரி இருக்கு," என்றேன். நானும் அழுதுகொண்டிருந்தேன். "கமராவைத் திருப்பச் சொல்லுறன். பெட்டி ஒழுங்கை முடிஞ்சு றோட்டில ஏறுமட்டும் காட்டுறன்."

"வேண்டாம் தங்கச்சி. நிப்பாட்டுங்கோ. பொம்பிளைப்பிள்ளை படலை மட்டும்தான்."

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

நேரலையை நிறுத்தினேன். பற்றரியில் இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. அவருக்கு முகம் காட்ட ஒரு நிமிடம் போதும்.